கிறிஸ்தவர் காலடி பட்டால்...

எத்தியோப்பியா வரைபடத்தில், தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து கிழக்கே விரலை நகர்த்துங்கள். சுமார் 500 கிலோமீட்டர் தாண்டினால் ஹரார் என்று ஓர் ஊர் வரும். பழைய நகரத்தைச் சுற்றி மதில். மதிலுக்கு ஐந்து பழைய வாசல்கள். உள்ளே 82 மசூதிகள், 102 தர்காக்கள்!

இன்று ஒரு கிறிஸ்தவர் சனிக்கிழமை இங்கே வந்து, முஸ்லிம் சிநேகிதர்கள் வீட்டில் தங்கி, ஞாயிறு மாலை ஊர் திரும்பினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால், 1855-க்கு முன்னால் வெள்ளைக்காரக் கிறிஸ்தவர் ஒருவர் இந்த வாசலில் நின்றால் தலை தப்பாது என்பதுதான் அந்தப் பக்கம் பூராவும் பேச்சு. ஏன் தெரியுமா? கிறிஸ்தவர் காலடி பட்டால் ஹரார் வீழ்ந்துவிடும் என்று ஒரு வாக்கு இருந்தது.

மூடநம்பிக்கை என்று சிரித்துவிடாதீர்கள். அந்த பயத்துக்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் எத்தியோப்பியாவின் கிறிஸ்தவ சாம்ராஜ்யத்தின் மீது ஹராரிலிருந்து படையெடுத்துப் போனார் இமாம் அகமது. 1543-ல் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய மனைவியை மணந்த நூர் இப்னு முஜாஹித், 1559-ல் எத்தியோப்பியப் பேரரசரையே போரில் கொன்று பழி தீர்த்தார். மதிலைக் கட்டியவர் அந்த நூர்தான் என்கிறார்கள் ஹரார்க்காரர்கள். போர்க் காலத்தில் எழுந்த சுவர் அது!

அந்த வாசலுக்குத்தான் 1855 ஜனவரி 3-ம் தேதி வந்து சேர்ந்தார் ரிச்சர்ட் பர்ட்டன். வயது 33. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படை அதிகாரி. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் மாறுவேடத்தில் மெக்காவுக்கே போய் வந்தவர். இங்கேயும் அரபு வியாபாரி வேஷத்தில்தான் கிளம்பினார். வழியில் பார்த்தவர்கள் துருக்கியன் என்று நினைத்துவிட்டார்கள். அது இன்னும் ஆபத்து! ஏடனில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதி எழுதியதுபோல ஒரு கடிதத்தைத் தானே தயார் செய்துகொண்டு, 'நான் ஆங்கிலேயன்' என்று சொல்லியே உள்ளே போனார்.

அமீர் அகமது அவரைக் கொல்லவில்லை. இடம் கொடுத்தார், சோறு போட்டார். விருந்தாளியா, கைதியா என்று புரியாமலே பத்து நாள் தவித்துவிட்டு வெளியே வந்த பர்ட்டன், 1856-ல் புத்தகம் போட்டார். மதில், வாசல்கள், வியாபாரம், அமீரின் தர்பார் எல்லாம் அதில் அச்சேறின.

சரி, வாக்கு பலித்ததா?

நகரம் வீழ்ந்தது உண்மை. ஆனால், 1875-ல் முதலில் அதைப் பிடித்தது எகிப்துப் படை. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, முஸ்லிம்கள்! அப்போதிருந்த அமீரைக் கொன்றவர்களும் அவர்கள்தான். 1885-ல் எகிப்தியர்கள் கிளம்பிப் போனார்கள். 1887-ல் கிறிஸ்தவ மன்னர் மெனலிக் படையோடு வந்து ஹராரைத் தன் ராஜ்யத்தில் சேர்த்துக்கொண்டார். எகிப்தியர் கட்டிய மசூதி இருந்த இடத்தில், மதிலுக்கு உள்ளேயே, தேவாலயம் எழுந்தது.

யோசித்துப் பாருங்கள். வாசல் காவலர்கள் கேட்டது, 'நீ எந்த மதம்?' என்ற கேள்வி. கேட்டிருக்க வேண்டியது, 'நீ எதற்காக வருகிறாய்?' என்பது.

அதே மதிலின் அடியில் சின்னச் சின்னத் துவாரங்கள் உண்டு. ராத்திரி கழுதைப்புலிகள் அவை வழியாக நுழைந்து தெருக்கழிவைத் தின்றுவிட்டுப் போகும். காட்டு மிருகத்துக்கு வழி வைத்த ஊர், மனிதனுக்குப் பயந்தது!

இப்போது அந்த சனி, ஞாயிறு விருந்தாளிக்கு வருவோம். எத்தியோப்பியாவில் முஸ்லிம் அறுத்த இறைச்சியைக் கிறிஸ்தவர்கள் பொதுவாகச் சாப்பிடுவதில்லை, கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம்களும் தொடுவதில்லை. ஹராரில் இறைச்சிக் கடைகூடத் தனித்தனிதான். அப்புறம் எப்படி விருந்து என்கிறீர்களா? கல்யாணம், விசேஷம் என்றால் மாற்று மதத்து சிநேகிதர்களுக்காக அவர்கள் முறைப்படி அறுத்த இறைச்சியைத் தனியாகச் சமைத்து வைக்கும் வழக்கம் அந்த நாட்டில் உண்டு. காபி மட்டும் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து.

பழைய ஹராரை 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. மதில் அப்படியே நிற்கிறது. ஆனால் அந்த நகரத்தை எப்போதும் காப்பாற்றியது மதில் என்று சொல்லிவிட முடியாது. அடுப்பில் ஏறும் அந்த இரண்டாவது பானை இருக்கிறதே... காவல் என்றால் அதுதான்!