முதல் சைக்கிள்: ஒரு தேர்வின் வரலாறு



மத்திய அரசின் முன்பண விதிகளில் ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் ஓர் இடம் இருந்தது. வீடு கட்ட முன்பணம், மோட்டார் வாகனம் வாங்க முன்பணம் என்னும் பெரிய தலைப்புகளுக்கு அடியில், குறைந்த ஊதியம் பெறும் ஊழியர் சைக்கிள் வாங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு சிறு தொகை வழங்கப்பட்டு, மாதத் தவணைகளாகச் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளப்பட்டது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று 2016-ஆம் ஆண்டில் அந்த முன்பணம் கைவிடப்பட்டபோது, அதன் உச்சவரம்பு 4,500 ரூபாய். இத்தகைய ஆணைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதே என் தொழில். ஆதலின் விதி ஒன்று மறையும்பொழுது அதனோடு ஒரு வாழ்க்கை முறையும் மறைவதை நான் சற்று அருகிலிருந்தே காண நேர்கிறது.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து தில்லிக்குக் குமாஸ்தாவாக வந்தவர். அந்த முன்பணத்தைக் கொண்டே தம் முதல் சைக்கிளை வாங்கினார். கறுப்பு வண்ணம், 24 அங்குலச் சட்டம், பின்னால் கனமான இரும்புக் கேரியர். அவரோ ஐந்தடி நான்கங்குல உயரம் உடையவர். இருக்கையை அடிவரை இறக்கிய பிறகும் பெடல் கீழே போகும்போது அவருடைய இடுப்பு ஒரு புறமாகச் சாய்ந்துதான் திரும்பும். கடைக்காரர் அன்று அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "சீட்டை இறக்கிவிட்டால் போதும், சார்." இருபது ஆண்டுகளுக்கு மேல் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து செயலகத்திற்கு அவர் அப்படியே சென்று வந்தார். இந்த வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அது பின்னரும் வரும்.

சைக்கிள் பிறந்த கதையை விரித்துரைக்க வேண்டிய தேவை இல்லை. 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் காலால் தரையை உந்திச் செல்லும் மரவண்டி ஒன்றைச் செலுத்திக் காட்டினார். 1885-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவாகவும், பின்சக்கரம் சங்கிலியால் சுழல்வதாகவும் அமைந்த 'ரோவர்' வண்டியை வெளிக்கொணர்ந்தார். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இம்மூன்றும் சேர்ந்ததே இன்று நாம் காணும் சைக்கிள்.

நம் நாட்டுக்கு அது ஆங்கிலேயரின் பொழுதுபோக்காக வந்தது. விரைவிலேயே படித்த இந்தியர் கைக்கும் வந்துவிட்டது. கல்கத்தாவில் 'குந்தலீன்' என்னும் கூந்தல் தைலத்தால் புகழ்பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ் சைக்கிள் வியாபாரமும் நடத்தினார்; விஞ்ஞானிகளான ஜகதீச சந்திர போஸுக்கும் பிரபுல்ல சந்திர ராய்க்கும் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர் ஆறு பேர் உலகைச் சைக்கிளில் சுற்றிவரப் புறப்பட்டனர். அவர்களில் ஹக்கீம், பாபசோலா, பும்காரா என்னும் மூவர் 1928 மார்ச்சில், 44,000 மைல் கடந்து ஊர் திரும்பினர். அக்காலத்துச் சாலைகளையும் பாலைவனங்களையும் எண்ணிப் பார்த்தால், இன்று நாம் ஒரு மேம்பாலம் ஏறுவதற்குள் மூச்சு வாங்குவது சற்று நாணத்தக்கதே.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். ஆங்கில நிறுவனங்கள் இந்தியாவுக்கு அனுப்பிய கனத்த கறுப்பு வண்டிக்கு 'ரோட்ஸ்டர்' என்று பெயர், அதாவது சாலைக்குரியது. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல அகல டயர், கம்பிகளால் இழுபடும் பிரேக், சங்கிலியை மூடும் தகடு, சாய்வான முன்கவை. பள்ளமும் மேடுமான பாதையில், நெல்மூட்டையோடும் மனைவி மக்களோடும், பல ஆண்டுகள் உழைப்பதற்கு அமைந்த வண்டி அது. எடை இருபது கிலோவை ஒட்டி நிற்கும். இன்றோ கடைகளில் 'ரோடு பைக்' என்று கேட்டால், வளைந்து கீழிறங்கிய கைப்பிடியும் ஒடுங்கிய டயரும் கியர்களும் கொண்ட, பத்து அல்லது பதினொரு கிலோ எடையுள்ள வண்டியைக் காட்டுவார்கள். 'சாலை' என்னும் ஒரே சொல் இரண்டு வண்டிகளைக் குறிக்கிறது. முன்னது சாலை மோசமாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. பின்னது சாலை நன்றாக இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது.

1930-களின் இறுதியில் கல்கத்தா, பாட்னா, பம்பாய் ஆகிய நகரங்களில் உள்நாட்டு உற்பத்தி முளைவிட்டது எனினும், சுதந்திரம் வரையில் இந்தியர் பெரும்பாலும் வாங்கியவை ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் போன்ற இறக்குமதி வண்டிகளே. சுதந்திரத்தை ஒட்டி இத்தொழிலுக்குச் சுங்கவரிப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1949-இல் முருகப்பா குடும்பத்தார் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூடித் தொடங்கிய நிறுவனம் அம்பத்தூரில் சைக்கிள்களைச் செய்தது, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் நம்மூர்ப் பெயர்களாயின. வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே எழுந்தது. 1951-இல் சோனிபட்டில் அட்லஸ். 1956-இல் லூதியானாவில் ஹீரோ. இன்றைய பாகிஸ்தானிலுள்ள கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் முதலில் உதிரிபாகங்களை விற்று, பின்னர் முழு வண்டியையே செய்யத் துணிந்தனர். அவர்களுடைய நிறுவனம் 1986-இல் உலகிலேயே மிகுதியாகச் சைக்கிள் செய்யும் நிறுவனமெனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. சென்-ராலே 1980-இல் தேசியமயமாகிப் பின்னர் மூடப்பட்டது. அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3-ஆம் நாள் வேலையை நிறுத்தியது. அது உலகச் சைக்கிள் தினம் என்பது காலத்தின் கேலி போலும்!

இத்தனை ஆலைகள் எழுந்தும் வாங்குவோனுக்கு வாய்த்த தேர்வு மிகக் குறுகியதே. நிறம் கறுப்பு அல்லது கரும்பச்சை; அளவு 22 அங்குலம் அல்லது 24. இவ்வளவு, இருக்கையைத் தாங்கும் குழாயின் நீளம். சென்டிமீட்டரில் சொன்னால் 56, 61. இன்று 61 சென்டிமீட்டர்ச் சட்டம் ஆறடிக்கு மேற்பட்ட மனிதருக்கே பரிந்துரைக்கப்படுகிறது. ஐந்தரை அடியை எட்டாத நம்மவர் இலட்சக்கணக்கில் அவ்வண்டியை ஓட்டினர். பெரிய வண்டி உறுதியானது, மதிப்பானது என்னும் எண்ணம் ஒருபுறம். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க இடம் வேண்டும் என்னும் தேவை ஒருபுறம். கடையில் இருப்பதைத்தானே வாங்க முடியும் என்னும் நிலைமை எல்லாவற்றிற்கும் மேலாக.

சிறுவர்களோ இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டனர். இருக்கையில் ஏற இயலாதவன் சட்டத்தின் முக்கோணத்திற்குள் ஒரு காலை நுழைத்து, உடலை வளைத்து மிதிப்பான். நம்மூரில் இதனைக் 'குரங்குப் பெடல்' என்பர். தில்லிப் பிள்ளைகள் இதனையே 'கேஞ்சி', அதாவது கத்தரிக்கோல் என்பர். தந்தையாரின் வண்டியில் நான் இவ்வித்தையைக் கற்றபோது, வீட்டுக்குள் குரங்காகவும் தெருவில் கத்தரிக்கோலாகவும் இருந்தேன். வெளிமாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்விரட்டைப் பெயர் புதிதன்று.

பொருந்தாத சட்டத்தையும் தனக்குப் பொருத்தமாக்கிக்கொண்ட வரலாறு ஒன்று புதுக்கோட்டையில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, அம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றனர். பெண்களுக்கென்று செய்யப்பட்ட வண்டி போதிய அளவில் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஆண்களின் வண்டியையே வாங்கினர். குழந்தையை முன்கம்பியில் உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே தமக்கு உகந்தது என்று சொன்னோரும் இருந்தனர். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டே இருந்தனர். தண்ணீர்க் குடங்களும் விளைபொருள்களும் சைக்கிளில் போயின.

இனி கியர் பற்றி. மலையேற்றத்தில் மிதிப்பு எளிதாகவும் சமவெளியில் வேகம் கூடவும் பற்சக்கரங்களை மாற்றும் ஏற்பாட்டைப் பிரான்சில் பலர் பரிந்துரைத்தனர். 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ் அதை ஒப்பவில்லை. கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்பது அவர் கருத்து. (அவ்வயதை எட்ட எனக்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது, ஆயினும் அவரோடு வாதிட எனக்கு மனமில்லை.) பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர், அதன் ஒரு பக்கம் ஒரு பல்சக்கரமும் மறுபக்கம் வேறொன்றும் இருக்கும். 1937-இல்தான் சங்கிலியை நகர்த்தும் தெரெயிலர் அப்பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது. சைக்கிளின் பெரும் சந்தைகளுள் ஒன்றான நம் நாட்டில் இக்கருவி பொதுமக்கள் வண்டிக்கு வர மிக நீண்ட காலம் பிடித்தது. சாலையோரத்தில் பழுதுபார்க்க இயலாத எதையும் வாங்காதே என்பது நம்மவரின் எழுதாத விதி. அதைப் பழமை என்று இகழ்வது எளிது. இருபது மைலுக்கு அப்பால் சங்கிலி அறுந்து நின்றவனிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, காலையில் இந்தியா கேட் வரை சென்று வர ஒரு ரோடு பைக் வேண்டும் என்னும் ஆசை பிறந்தது. நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கினேன். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு இடையில் அது சிறு தொகையன்று. தில்லியின் சைக்கிள் வியாபாரத்திற்குப் பெயர்பெற்ற ஜண்டேவாலானிலும் பிற இடங்களிலும் சுற்றினேன். இவ்விலையில் சட்டம் அலுமினியத்தால் ஆனது. முன்கவை எஃகாகவோ கார்பனாகவோ இருக்கும். கியர்கள் பெரும்பாலும் ஷிமானோவின் தொடக்க வரிசைகளைச் சேர்ந்தவை: கிளாரிஸ் எனில் பின்னால் எட்டுப் பல்சக்கரம், சோரா எனில் ஒன்பது. இவ்வேறுபாட்டைப் பற்றி இரவு பகலாகப் படித்தேன். எட்டா, ஒன்பதா என்று மனைவியிடம்கூடக் கருத்துக் கேட்டேன். "எது மலிவோ அது" என்றாள்.

படிக்க வேண்டியதை மட்டும் படிக்கவில்லை. ஒரு கடையில் ஒன்பது பல்சக்கர வண்டி விலைக்குறைப்பில் இருந்தது. சட்டத்தின் அளவு 56. என் உயரம் 165 சென்டிமீட்டர். ஐம்பதோ ஐம்பத்திரண்டோதான் எனக்குரியது. விற்பனையாளர் புன்முறுவலோடு, "சீட்டை இறக்கிவிட்டால் போதும், சார்" என்றார்.

தந்தையாரிடம் சொல்லப்பட்ட அதே வாக்கியம், இம்முறை இந்தியில்! அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆறு வாரங்களில் கழுத்தும் கைகளும் மரத்துப்போயின. இருக்கையை இறக்கலாம், ஆனால் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலுள்ள நீளத்தைக் குறைக்க முடியாதே! நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரோட்ஸ்டர் இக்குறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். குனிந்து ஓட்டும் வண்டி பொறுக்காது. என் தந்தையார் இருபது ஆண்டுகள் ஓட்டிய பிழையை என்னால் இரண்டு மாதம்கூட ஓட்ட முடியவில்லை. மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு அதை விற்றேன். அவரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கும் அப்போது இடுப்பு வலிதான். முன்பணம் வாங்கியாகிவிட்டதே, யாரிடம் சொல்வது?" என்றார். அவ்வலியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

இரண்டாவது வண்டியைப் பிறர் ஓட்டிய நிலையிலேயே வாங்கினேன். அளவு 52, எட்டுப் பல்சக்கரம். வாங்குமுன் தெருவில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். சட்டத்தின் இணைப்புகளில் விரிசல் உண்டா, சக்கரம் கோணாமல் சுழல்கிறதா, சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுத்தேன். தலைக்கவசம், விளக்கு, பூட்டு, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றிற்கென்று ஐயாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். முதல் முறை இவற்றை மறந்து, கடன் வாங்க நேர்ந்தது.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் உண்டு. ரோட்ஸ்டரின் சக்கர விளிம்பு 635 மில்லிமீட்டர் விட்டமுடையது; என் வண்டிக்கு 622. ஆகையால் தெருமுனைப் பஞ்சர் கடையில் எனக்கு டியூபும் டயரும் கிடைப்பதில்லை. ரோட்ஸ்டரில் இருப்பது பழைய டன்லப் வால்வு. என் வண்டியில் இருப்பதோ மெல்லிய பிரெஸ்டா வால்வு. பீகாரிலிருந்து வந்து எங்கள் குடியிருப்பின் வாயிலில் கடை வைத்திருக்கும் முதியவர் முதல் நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தம் பம்பை அதில் பொருத்த முடியாமல் என்னிடமே திருப்பித் தந்தார். பின்னர் பித்தளையில் சிறு மாற்றுத் திருகு ஒன்று வாங்கினேன். மிகச் சொற்ப விலை. ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. மற்றொன்றை அவர் கடையில், பசைக் குப்பிக்கு அருகே, ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.