176 பிறந்த கதை

குடியரசுத் தலைவர் தேர்தலன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எம்.எல்.ஏ.க்கள் கைக்கு இளஞ்சிவப்பு நிறச் சீட்டு ஒன்று வரும். எம்.பி.க்களுக்குப் பச்சை. தேர்தல் ஆணையம் கொடுக்கும் ஊதா மைப் பேனாவால் பெயருக்கு நேரே 1, 2 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். அந்த இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றுக்கு 176 வாக்கு மதிப்பு. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் சீட்டுக்கு 208, சிக்கிமில் 7.

குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா வாதாடினார். ஆட்சி அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கும்போது அது தேவையில்லை என்பது நேருவின் பக்கம். எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் வாக்களிப்பது என்று முடிவானது. ஆனால் எல்லா எம்.எல்.ஏ.வுக்கும் ஒரே மதிப்பு தந்தால், சிறு மாநிலத்தின் சில ஆயிரம் பேரும் பெரிய மாநிலத்தின் லட்சம் பேரும் ஒன்றாகிவிடுவார்களே! அதற்காகத்தான் அரசமைப்பின் 55ஆவது பிரிவில் கணக்கு வந்தது: மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகு, பிறகு ஆயிரத்தால் வகு. மிச்சம் 500க்குக் குறையாமல் இருந்தால் ஒன்று கூட்டு. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர். 234 உறுப்பினர்கள். விடை 176.

அடுத்த கணக்கெடுப்பில் மாறியிருக்க வேண்டிய எண் இது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42ஆவது திருத்தம் அதை 1971லேயே நிறுத்தியது. 2001இல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அதை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை மனசார ஏற்ற மாநிலங்கள் அதற்காகவே செல்வாக்கை இழக்கக் கூடாது என்பதுதான் காரணம். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். 2011 கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தமிழ்நாடு 308, உத்தரப் பிரதேசம் 496. இன்றைய 176க்கும் 208க்கும் உள்ள இடைவெளி எங்கே, இது எங்கே!

ஆனால் நம் சென்னைப் புறநகருக்கு இன்னொரு குறை இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி தொகுதிகள் 2008 மறுவரையறையில் 2001 மக்கள்தொகையை வைத்துப் பிறந்தவை. முதல் தேர்தல் 2011இல். அவற்றின் வாக்கு மதிப்போ 1971இல் நிற்கிறது. ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அப்போதே இருந்தன. அவற்றைச் சுற்றி வீடு கட்டிக் குடியேறியவர்களில் பெரும்பாலோர் பின்னால் வந்தவர்கள். 2021 தேர்தலில் ஆவடியில் நாலு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சென்னைத் துறைமுகம் தொகுதியில் இரண்டு லட்சம்கூட இல்லை. இரண்டு எம்.எல்.ஏ.வுக்கும் அதே 176.

மாநிலத்துக்குள் தொகுதிகளைச் சமமாக வெட்டினால் இந்தக் குறை தீரும். அதற்கு வேறு எந்த மாநிலமும் எதையும் இழக்க வேண்டியதில்லை. மாநிலங்களுக்கு இடையிலான பங்கு வேறு சங்கதி. அதில் 1971இன் விகிதத்தைக் காப்பாற்றும்படி 55ஆவது பிரிவைத் திருத்த வேண்டும், அதுவும் புதிய கணக்கெடுப்பு வெளியாகும் முன்பே.