ஷொக் இல்லாத மாதிரித் தெரியும் பைக்: சொஃப்டெயிலின் கதை



சென்ற கிழமை வகுப்பில் ஒரு மாணவன் கொப்பிக்குள் வைத்திருந்த படமொன்றைக் காட்டி நம்மை மடக்கிவிட்டான். ஹார்லி டேவிட்சன் ஃபெட் போய் பைக்கின் படம். "சேர், இவ்வளவு பெரிய பைக், பின்னுக்கு ஷொக் அப்சோபரே இல்லையே. பள்ளத்தில விழுந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. வகுப்பில் இரண்டு வரியில்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுக் கதையையும் இங்கே எழுதுகிறோம். பைக் பிரியர்கள் மட்டுமல்ல, வீட்டில் வாலிபப் பிள்ளை உள்ள பெற்றோரும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஹார்லி டேவிட்சன் 1903இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், வீட்டு வளவில் இருந்த ஒரு சின்னக் கொட்டிலில் தொடங்கிய கம்பனி. வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன் என்ற இரண்டு இளைஞர்களின் முயற்சி அது. 1909இல் இரண்டு சிலிண்டர்களை 45 பாகையில் 'வி' எழுத்துப் போல நிறுத்திய எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிரேங்க் பின்னில் பூட்டப்பட்டிருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதில்லை. ஒன்றுக்குப் பின் 315 பாகை, அடுத்ததற்கு 405 பாகை. தூரத்தில் வரும்போதே "ஹார்லி வருது" என்று சொல்ல வைக்கும் அந்த நொண்டித் தாளம் இதனால்தான். 1994இல் அந்தச் சத்தத்தையே வர்த்தகக் குறியாகப் பதியக் கம்பனி விண்ணப்பித்தது. போட்டிக் கம்பனிகள் எதிர்த்தன. 2000ஆம் ஆண்டில் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இன்று நாம் குரூசர் என்று சொல்லும் உருவம் பெரும்பாலும் 1936இல் வந்த இஎல் மாதிரியில் அமைந்தது. கண்ணீர்த் துளி போன்ற பெற்றோல் டாங்கி, அதன் மேலேயே வேகமானி, தாழ்ந்த இருக்கை, பின் சில்லை அணைத்து இறங்கும் மட்காட். பின்னால் ஷொக் அப்சோபர் கிடையாது. பின் சில்லின் அச்சு நேரே ஃபிரேமில் பூட்டப்பட்டிருக்கும். ஓடுபவரின் உடம்பைக் காப்பாற்ற இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங் மட்டும். இப்படிப்பட்ட ஃபிரேமுக்கு 'ஹார்ட் டெயில்', அதாவது கடினமான வால், என்று பெயர் வந்தது.

1949இல் முன் சில்லுக்கு எண்ணெய் நிரப்பிய குழாய் ஃபோர்க் வந்தது. அதுதான் ஹைட்ரா கிளைட். 1958இல் டுவோ கிளைட் மாதிரியில் பின்னாலும் இரண்டு ஷொக் அப்சோபர்கள் வந்தன. முதுகு தப்பியது. ஆனால் ஹேண்டில் கழுத்திலிருந்து பின் சில்லின் நடுவரை ஒரே சாய்வாக இறங்கிய அந்தக் கோடு போய்விட்டது.

அழகுக்காகப் பலர் வசதியை விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வாலிபர்கள் பைக்குகளில் வேண்டாததை எல்லாம் வெட்டிக் கழற்றி ஓடத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பழக்கம் சொப்பர் என்ற தனி வகையாக வளர்ந்தது. ஃபிரேமை வெட்டி ஒட்டி, பின் ஷொக்கைக் கழற்றி எறிந்து, மறுபடியும் ஹார்ட் டெயில் ஆக்கினார்கள். 1969இல் வெளியான 'ஈஸி ரைடர்' படம் அந்த உருவத்தை உலகமெங்கும் கொண்டுபோனது. அதில் வந்த பைக்குகளை உருவாக்கிய கிளிஃப் வோஸ், பென் ஹார்டி இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். அவர்கள் பெயர் நீண்ட காலம் வெளியே பேசப்படவில்லை.

இந்த இடத்தில்தான் பில் டேவிஸ் வருகிறார். மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியியலாளர், ஹார்லி ஓடுபவர், ஆனால் கம்பனி ஊழியர் அல்ல. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: கண்ணுக்கு ஹார்ட் டெயிலாகத் தெரியட்டும், முதுகுக்கு மெதுவாக இருக்கட்டும், இரண்டும் ஏன் சேர்ந்து வரக்கூடாது? பின் சில்லைத் தாங்கும் பகுதியை முக்கோணமாக அமைத்து, ஃபிரேமின் நடுப்பகுதியில் கீல் வைத்தார். பக்கத்திலிருந்து பார்த்தால் அது பழைய ஃபிரேமின் தொடர்ச்சியாகவே தெரியும். ஸ்பிரிங்குகளைக் கண்ணில் படாமல் உள்ளே மறைத்தார்.

1970களின் நடுவில் இதைக் கம்பனிக்குக் காட்டினார். பாராட்டினார்கள், வாங்கவில்லை. அவர் விடாமல் திருத்தினார், தானே தயாரித்து விற்கவும் முயன்றார், அதுவும் சரிவரவில்லை.

அந்த நேரம் கம்பனியின் நிலையும் மோசம். 1969இல் ஏஎம்எஃப் என்ற பெரிய நிறுவனம் ஹார்லியை வாங்கியிருந்தது. உற்பத்தி கூடியது, தரம் விழுந்தது. அதே ஆண்டில் ஹொண்டா சிபி750 வந்து, விலை குறைவாக, எண்ணெய் ஒழுகாமல், பட்டனில் ஸ்டார்ட் ஆகி ஓடியது. 1981இல் 13 நிர்வாகிகள் சுமார் 80 மில்லியன் டொலருக்குக் கம்பனியைத் திரும்ப வாங்கினார்கள், பெரும் பகுதி கடன். 1983இல் ஜனாதிபதி ரீகன் 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கு முதலாண்டில் 45 சதவீத மேலதிக வரி விதித்தார்.

வரி போட்டு அவகாசம் வாங்கலாம், ஆளை ஷோரூமுக்கு இழுக்க ஒரு நல்ல பைக் வேண்டும். முன்பு வேண்டாம் என்றவர்களே டேவிஸிடம் போனார்கள், அவருடைய வடிவமைப்பை வாங்கினார்கள். 1984 மாதிரியாக, புதிய 1340 சிசி எவலூஷன் எஞ்சினுடன் 'சொஃப்டெயில்' வந்தது. பெயரிலேயே விடை இருக்கிறது: மெதுவான வால்.

மாணவன் கேட்ட ஷொக் எங்கே? கியர் பொக்ஸுக்கு அடியில், படுத்த நிலையில் இரண்டு. சாதாரண பைக்கில் சில்லு மேலே வரும்போது ஷொக் அமுங்கும். இதில் முக்கோணத்தின் கீழ் முனை பின்னோக்கி நகர்வதால் ஷொக் இழுபடும். 2018 மாதிரிகளில் இருந்து இருக்கைக்கு அடியில் ஒரே ஷொக்.

அதன் பின் வந்தவையும் இதே வழிதான். 1986இன் ஹெரிடேஜ் சொஃப்டெயில், ஹைட்ரா கிளைட்டின் தோற்றம். 1988இன் ஸ்பிரிங்கர், 1949க்கு முந்திய முன் ஸ்பிரிங் ஃபோர்க்கின் மறுபிறப்பு. 1990இல் தட்டுப் போன்ற சில்லுகளுடன் ஃபெட் போய். ஜப்பானில் போட்ட இரண்டு அணுகுண்டுகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் இது என்று ஒரு கதை சுற்றுகிறது. அது உண்மையல்ல. தயவுசெய்து ஃபோர்வர்ட் பண்ணாதீர்கள். 2000ஆம் ஆண்டு மாதிரிகளில் எஞ்சினுக்குள் இரண்டு சமநிலைத் தண்டுகளை வைத்து அதிர்வைக் குறைத்தார்கள். வெளியே அதே வி, அதே தோற்றம்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அழகுக்காகப் பின் ஷொக்கை இறக்குகிறார்கள், மட்காட்டைக் கழற்றுகிறார்கள், கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். நாமும் "ஷோ காட்டாதே" என்று ஏசிவிட்டுப் போகிறோம். ஏச்சால் யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை. அழகான வாகனம் வேண்டும் என்ற ஆசை பாவமில்லை. டேவிஸுக்கும் அதே ஆசைதான் இருந்தது. ஆனால் அவர் ஒன்றைக் கழற்றுவதற்கு முன், அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். அந்த வேலையைச் செய்ய வேறு வழி கண்டுபிடித்த பிறகுதான் அதைக் கண்ணுக்கு மறைத்தார்.

உங்கள் மகன் பைக்கை மாற்றப் போகிறேன் என்று வந்தால், ஏசுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "வாப்பா, இதைக் கழற்றினால் இது செய்த வேலையை இனி எது செய்யும்?" பதில் இருந்தால் அவன் நாளைய பொறியியலாளர். பதில் இல்லையென்றால் அது பூட்டியபடியே இருக்கட்டும்.

படம் கொண்டுவந்த மாணவனுக்கும் ஒரு வார்த்தை. முதுகு என்னாகும் என்று நீ கேட்டாயே மகன், பில் டேவிஸும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கினார். கொப்பியில் படத்தோடு அதையும் எழுதி வை.

அல்லாஹ் நம் பிள்ளைகளை வீதி விபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.