முதற்பொன்னோ, நான்காம் பொன்னோ?
1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வளைகோற்பந்துக் குழு

எண்ணுதல் எளிய தொழில் போலத் தோன்றும். ஆயின், எண்ணப்படும் பொருளின் வரையறை மாறுமிடத்து எண்ணும் மாறும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் பல. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கில், ஹாக்கி எனப்படும் வளைகோற்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டியில் இந்தியக் குழு பிரிட்டன் குழுவை 4-0 எனும் கணக்கில் வென்றது. இப்பொன்னை விடுதலை பெற்ற இந்தியாவின் முதற்பொன் என்பாரும் உளர். தொடர்ந்து பெற்ற நான்காம் பொன் என்பாரும் உளர். இவற்றுள் எது பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் முன்னை வரலாற்றை நோக்குவோம். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியக் குழு 29 கோல்கள் அடித்தது; எதிரணியினர் ஒன்றேனும் அடிக்க விட்டிலது. 1932இல் லாஸ் ஏஞ்சல்சில் அமெரிக்கரை 24-1 என வென்றது. 1936இல் பெர்லினில் தியான் சந்தின் தலைமையில், இறுதியாட்டத்தில் செருமானியரை 8-1 என வீழ்த்தியது. இம்மூன்று வெற்றிகளும் அயலாட்சிக் காலத்தன. எனினும், பெர்லின் இறுதியாட்டத்துக்கு முன்னர் வீரர்கள் உடைமாற்றும் அறையில் காங்கிரஸ் மூவண்ணக் கொடியை வணங்கினர் என்பது அக்குழுவைப் பற்றி வழங்கும் செய்தி. ஆகவே, அரசு பிறக்குமுன்னரே நாட்டுணர்வு பிறந்திருந்தது எனல் தகும்.

1908, 1920 ஆகிய ஆண்டுகளில் இவ்வாட்டத்தில் பொன் வென்ற பிரிட்டன் தீவினர், இந்தியர் வென்ற அம்மூன்று ஒலிம்பிக்கிலும் இவ்வாட்டத்தில் கலந்துகொண்டிலர். தம் ஆட்சிக்குட்பட்டாரிடம் தோற்க அஞ்சினர் என்று அதற்குக் காரணம் கூறுவாரும் உளர். ஈண்டு நமக்கு வேண்டுவது காரணமன்று, விளைவே. ஆண்டாரும் ஆளப்பட்டாரும் ஒலிம்பிக் களத்தில் இவ்வாட்டத்தில் முதன்முதல் எதிர்நின்றது, ஆட்சி நீங்கி ஓராண்டு நிறையும் தறுவாயில்தான். அதனால் அவ்வெற்றி ஆட்டத்தின் எல்லையைக் கடந்த பொருளுடையதாயிற்று.

கிஷன் லால் தலைமையில் சென்ற குழு ஆஸ்திரியாவை 8-0, அர்ஜென்டினாவை 9-1, ஸ்பெயினை 2-0, அரையிறுதியில் நெதர்லாந்தை 2-1 என வென்று இறுதிக்கு வந்தது. மழையால் நனைந்து சேறுபட்ட களத்தில் பல்பீர் சிங் இரண்டு கோல்களும், தர்லோசன் சிங், பாட் ஜான்சன் ஆகியோர் ஒவ்வொன்றும் அடித்தனர். ஐந்து ஆட்டங்களில் அடித்தவை 25, பெற்றவை இரண்டே. இக்குழுவில் சென்னையைச் சேர்ந்த கோல் காவலர் இரங்கநாதன் பிரான்சிஸும் இடம் பெற்றிருந்தார். 1952, 1956 ஆகிய ஆண்டுகளில் பொன் வென்ற குழுக்களிலும் அவர் இருந்தமை தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அதே இலண்டனில் பாகிஸ்தான் எனும் பெயரில் மற்றொரு குழுவும் ஆடியது. அதன் தலைவர் அலி இக்திதார் ஷா தாரா, 1936இல் இந்தியாவுக்காகப் பொன் வென்றவர். 1932இல் இந்தியக் குழுவின் தலைவராக விளங்கிய லால் ஷா புகாரி, பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் தூதுப்பணியில் அமர்ந்தார். இந்தியக் குழுவில் ஆடிய கேசவ தத்தோ இலாகூரிற் பிறந்து, பிரிவினையால் இடம்பெயர்ந்தவர். எல்லைக்கோடு நிலத்தை மட்டும் பிளந்திலது. ஓராசிரியர்பாற் பயின்ற மாணாக்கர் போன்ற ஆட்டக்காரரையும் பிளந்தது. பாகிஸ்தான் அரையிறுதியில் பிரிட்டனிடம் தோற்று நான்காம் இடம் பெற்றது. இரு நாடுகளும் பின்னர் 1956இல் இறுதியில் எதிர்நின்றபோது இந்தியா 1-0 என வென்றது. 1960இல் உரோமில் அதே 1-0 கணக்கில் பாகிஸ்தான் வென்று, இந்தியாவின் ஆறு பொன்களின் தொடரை முடித்தது. தோற்கடித்ததும் அயற்கலையன்று, ஒரே வேரிற் கிளைத்த மற்றொரு கிளையே.

இவற்றால் பெறப்படுவது யாது? அரசை அளவுகோலாகக் கொள்வார்க்கு 1948இன் பொன் முதலாவது. ஆட்டக்கலையை அளவுகோலாகக் கொள்வார்க்கு அது நான்காவது. இரண்டும் பிழையல்ல. ஆனால் முதலாவது என்று மட்டும் எண்ணுவார், முன்னை மூன்று பொன்களை ஈட்டித்தந்து பின்னர் எல்லைக்கு அப்பாலாகிவிட்ட கைகளை மறந்துவிடுவர். நான்காவது என்று மட்டும் எண்ணுவார், அன்று வெம்பிளியில் ஏறிய புதிய கொடியின் பொருளை இழந்துவிடுவர். வெற்றியைப் போற்றுவோர் அதன் உரிமையாளர் அனைவரையும் எண்ணிப் போற்றுதலே வரலாற்று நேர்மை. எனவே, அப்பொன்னை விடுதலை நாட்டின் முதல் விளைச்சல் என்பதோடு, பிரிவுபடாத நிலத்தில் விதைத்ததன் இறுதி அறுவடை என்றும் கொள்வதே முறையாகும்.