பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளமும் ஒரு பழைய கோபமும்

பொம்மை ரயில்னு சொன்னா அடிக்க வருவாங்க. 'மாடல் ரயில்வே'ன்னுதான் சொல்லணும். இங்கிலாந்தில் இந்தப் பித்து பிடித்தவர்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பரண் அறையிலோ தோட்டத்து ஷெட்டிலோ உட்கார்ந்து, அரை அங்குல வேலிக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் சாதுவான ஆட்கள். அவர்களை 2022-ல் ரெண்டு அறிவிப்புகள் ரெண்டு கட்சியாகப் பிரித்துவிட்டன. ஜூனில் பீக்கோ கம்பெனி, அக்டோபரில் ஹார்ன்பி. 'டிடி:120' என்று ஒரு புது அளவு பிரிட்டிஷ் சந்தைக்கு வருகிறது என்பதுதான் சேதி.

"ரயில் பொம்மை சைஸ் மாறினதுக்கா இவ்ளோ சண்டை?"ன்னு கேட்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கணக்கு. டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒரு விஷயம். ஸ்கேல் வேற, கேஜ் வேற. நிஜ வண்டியை எத்தனை மடங்கு சுருக்கினோம் என்பது ஸ்கேல். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது கேஜ். ரெண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரணும். பிரிட்டனில் அது பொருந்தவே இல்லை. அங்கேதான் கதை ஆரம்பம்.

நிஜத்தில் ஸ்டாண்டர்டு கேஜ் 1435 மி.மீ. ஐரோப்பாக்காரர்கள் அதை 87-ஆல் வகுத்து 16.5 மி.மீ. தண்டவாளம் போட்டார்கள். அதுதான் எச்ஓ. பிரிட்டிஷ் இன்ஜின்களோ நிஜத்திலேயே ஒல்லி. அந்த ஊர்ச் சுரங்கப்பாதையும் பிளாட்பாரமும் அந்தக் காலத்திலேயே குறுகலாகக் கட்டப்பட்டவை. 1930-களின் மின் மோட்டார் அந்த ஒல்லி உடம்புக்குள் நுழையவில்லை. என்ன செய்தார்கள்? உடம்பை மட்டும் கொஞ்சம் பெருசாக்கி, 76-ல் ஒரு பங்காகச் செய்து, அதே 16.5 தண்டவாளத்தின் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோ இந்த ஏற்பாட்டை நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெயர் ஓஓ. கணக்குப்படி அந்த உடம்புக்கு 18.83 மி.மீ. தண்டவாளம் வேணும். ஆக பிரிட்டனின் மாடல் ரயில் எல்லாம் நிஜத்தில் 4 அடி 1½ அங்குலப் பாதையில் ஓடுவது மாதிரி, யானைக்கு ஆட்டுக்கால் வைத்த மாதிரி இருக்கும். கண்ணுக்குப் பழகிட்டா தெரியாது. பழகாதவர்கள் இஎம் (18.2 மி.மீ.), பி4 (18.83 மி.மீ.) என்று தனிக்கட்சி ஆரம்பித்துத் தண்டவாளத்தைக் கையாலேயே ஒட்டிக்கொண்டார்கள். அது ஒரு தனி உலகம்.

இப்போ டிடிக்கு வருவோம். இந்த அளவைப் பெத்தவர் அமெரிக்காவின் ஹால் ஜாய்ஸ். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, இந்தியானா மாநிலத்தில் எச்.பி. பிராடக்ட்ஸ் என்று ஒரு கம்பெனி வைத்து 12 மி.மீ. தண்டவாளத்தில் ரயில் விட்டார். ஒரு அடிக்கு ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120-ல் ஒன்று. 'டேபிள் டாப்' என்பதன் சுருக்கம்தான் டிடி. சாப்பாட்டு மேசை போதும், அறை முழுக்கத் தேவையில்லை என்று சொல்லும் பெயர். 1435-ஐ 120-ஆல் வகுத்துப் பாருங்க, 11.96 வரும். கிட்டத்தட்ட அச்சு அசல்.

பிரிட்டனுக்கு இது 1957-ல் போனது. கொண்டு போனது ட்ரையாங் கம்பெனி, மார்கேட் ஊரில் தொழிற்சாலை. மறுபடியும் அதே மோட்டார், அதே ஒல்லி இன்ஜின். ஓஓவில் செய்த அதே தகிடுதத்தத்தை இங்கேயும் செய்தார்கள்! ஒரு அடிக்கு 3 மி.மீ. என்று உடம்பைப் பெருசாக்கி, 101.6-ல் ஒன்றாக வைத்து, தண்டவாளத்தை மட்டும் 12-லேயே விட்டுவிட்டார்கள். பெருக்கிப் பார்த்தால் சரியாக 4 அடிப் பாதை. இருக்கவேண்டியது 4 அடி 8½ அங்குலம். புதுசாக ஆரம்பிக்கும்போதாவது சரியாக ஆரம்பித்திருக்கலாம். அந்த வாய்ப்பு கையை விட்டுப் போனது.

இருந்தாலும் ஆசையாகச் சேர்ந்தவர்கள் நிறைய. போருக்குப் பின் கட்டிய சின்ன வீடு, குறைந்த சம்பளம், அதற்குள் அடங்கும் ஒரு ரயில். 'ஜின்டி' என்று செல்லப்பெயர் கொண்ட ஆறு சக்கர டாங்க் இன்ஜினில் ஆரம்பித்தது வரிசை. அப்புறம் என்ன ஆச்சு? 1958-ல் ட்ரையாங்கின் தாய்க் கம்பெனியான லைன்ஸ் பிரதர்ஸ், ஸ்கேலெக்ஸ்ட்ரிக் கார் பந்தயப் பொம்மையை வாங்கியது. பையன்களின் கவனம் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தது. 1964-ல் மெக்கானோ கம்பெனியை வாங்கினார்கள், கூடவே ஹார்ன்பி டப்ளோவும் வந்தது. ஓஓவுக்கே ரெண்டு பிராண்டு கையில் இருக்கும்போது சின்னப் பிள்ளை டிடியை யார் கவனிப்பார்கள்? அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கதை முடிந்தது.

இதில் வலி எங்கே இருக்குன்னா, மாடல் ரயில் என்பது டிவி வாங்குவது மாதிரி இல்லை. மாதம் ஒரு பெட்டி, வருஷத்துக்கு ஒரு இன்ஜின் என்று சேர்ப்பது. ஸ்டேஷன், பாலம், கிராமம் எல்லாம் அந்த அளவிலேயே கட்டியிருப்பாங்க. உற்பத்தி நின்றால் உடைந்த பாயின்டுக்கு மாற்று இல்லை, மோட்டாருக்கு உதிரி இல்லை. பக்கத்து அளவிலிருந்து எதையும் கடன் வாங்க முடியாது. அப்படித் தெருவில் நின்றவர்கள் 1965-லேயே '3 எம்எம் சொசைட்டி' என்று ஒன்றை ஆரம்பித்து, தங்களுக்கு வேண்டிய பாகங்களைத் தாங்களே செய்துகொள்ள இறங்கினார்கள். கம்பெனி கைவிட்ட பிள்ளையை ரசிகர்கள் வளர்த்த கதை.

அதே காலத்தில் பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. கிழக்கு ஜெர்மனியில் சொய்க்க கம்பெனி 1950-களின் கடைசியில் 120-ல் ஒன்று என்ற ஒழுங்கான கணக்கில் டிடியை ஆரம்பித்தது. அங்கே வீடுகள் சின்னது, டிடி அதற்குள் அடங்கியது. 1972-ல் அரசாங்கம் கம்பெனியை எடுத்துக்கொண்டு பெர்லினர் டிடி பானென் என்று பெயர் வைத்தது. சுவர் விழுந்த பிறகு, 1993-ல் ஸெப்னிட்ஸ் ஊரின் டில்லிக் கம்பெனி அதைத் தத்து எடுத்தது. மேற்கில் டிடி செத்தும் கிழக்கில் ஜம்முன்னு இருந்தது.

பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பாவிலும் டிடியின் இடத்தைப் பிடித்தது என் ஸ்கேல். 9 மி.மீ. தண்டவாளம், 160-ல் ஒன்று. 1960-களின் ஆரம்பத்தில் நியூரம்பெர்க்கின் ஆர்னால்ட் கம்பெனி கொண்டுவந்தது. அவ்வளவு பொடியில் ரயிலா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆர்னால்ட் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. பெட்டிகளைக் கோர்க்கும் தன் கொக்கியை மற்றக் கம்பெனிகளும் போட்டுக்கொள்ள விட்டது. எந்தக் கடையில் எந்த பிராண்டு வாங்கினாலும் ஒன்றோடொன்று மாட்டும். ஒரு கம்பெனி போனாலும் இன்னொன்று இருக்கும் என்ற தைரியம் வாங்குபவனுக்கு வந்தது. என்னைக் கேட்டால் என் ஜெயித்ததற்கு அதன் சைஸைவிட அந்தக் கொக்கிதான் பெரிய காரணம். ஜப்பானில் காட்டோ 1965-ல் ஆரம்பித்து வைக்க, அந்த ஊர் வீட்டுக்கு இதுதான் லாயக்கு என்று ஆகிவிட்டது. (பிரிட்டிஷ்காரர்கள் இதிலும் 148-ல் ஒன்று என்று உடம்பை ஊதவிட்டார்கள். திருந்தவே இல்லை :-)) 1972-ல் மெர்க்ளின் 220-ல் ஒன்றாகச் சுருக்கி 'ஸீ' என்று கடைசி எழுத்தையே பெயராக வைத்தது. இதுக்கு மேல யாரும் சின்னதாக்க முடியாதுன்னு நினைப்பு. 2000-களில் ஜப்பான்காரர்கள் 450-ல் ஒன்றாக, 3 மி.மீ. தண்டவாளத்தில் ரயில் ஓட்டிக் காட்டினார்கள்.

இப்போ 2022-க்குத் திரும்புவோம். புது டிடி:120 கணக்கில் சுத்தம். இந்த முறை உடம்பை ஊதவிடவில்லை. ஓஓவில் 10 அடி கேட்கும் ஸ்டேஷன் இதில் ஆறரை அடிக்குள் அடங்கும். பரப்பளவில் பார்த்தால் பாதிக்கும் கீழே. பிளாட்டில் குடியிருக்கிற, கண்ணு கொஞ்சம் மங்கினாலும் என் ஸ்கேலின் பொடிக்குப் போக மனசில்லாத ஆளுக்கு இது வரம். சந்தோஷப்பட்டவர்களில் பெரும்பாலும் இவர்களும், புதிதாக ஆரம்பிப்பவர்களும்தான்.

எதிர்த்தவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. வீடு நிறைய ஓஓ வைத்திருப்பவர் பயந்தது, இருக்கிற பணத்தைப் புது அளவில் கொட்டினால் நமக்கு வரவேண்டிய இன்ஜின் தள்ளிப்போகுமே என்று. என் ஸ்கேல்காரர், சின்ன ரயில்தான் வேணும்னா நாங்க அறுபது வருஷமா இங்கேதானே இருக்கோம் என்றார். மாடல் கடைக்காரர்கள் கோபம் வேறு. ஹார்ன்பி ஆரம்பத்தில் இதைக் கடைகளுக்குக் கொடுக்காமல் தானே நேராக விற்றது. காலம் காலமாக ஹார்ன்பியை அடுக்கி வைத்து விற்ற கடைக்காரருக்குப் புதுப் பிள்ளையின் முகத்தைக்கூடக் காட்டவில்லை. (பிறகு கடைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள்.) இந்த விஷயத்தில் நான் கடைக்காரர் பக்கம்தான்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது 1957. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அதிலும் வேடிக்கை பாருங்க, இன்றைய ஹார்ன்பி யார்? 1965-ல் ட்ரையாங் ஹார்ன்பி என்று பெயர் மாறி, 1971-ல் லைன்ஸ் பிரதர்ஸ் திவாலாகி, 1972-ல் ஹார்ன்பி ரயில்வேஸ் ஆனது. பெயர்தான் ஹார்ன்பி, வம்சம் ட்ரையாங். அதே மார்கேட். அன்று டிடியைப் பெற்று நடுத்தெருவில் விட்ட அதே குடும்பம், 65 வருஷம் கழித்து "நம்புங்க"ன்னு வந்து நிற்கிறது. "நீயா?"ன்னு ஒரு பெரியவர் கேட்டால் அதில் என்ன தப்பு?

அதே சமயம் 1957 நிலைமை இப்போ இல்லை. அன்று 3 மி.மீ. அளவை வேறு எந்த நாடும் தொடவில்லை. இன்று 120 என்பது டில்லிக்கும் மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் ஏற்கெனவே ஓட்டுகிற அளவு. ஹார்ன்பி நாளைக்குக் கடையை மூடினாலும் தண்டவாளமும் சக்கரமும் கிடைக்கும். பிரிட்டிஷ் முகம் கொண்ட இன்ஜின்தான் கிடைக்காது. அந்த அளவுக்கு ரிஸ்க் இருக்கத்தான் செய்கிறது.

நம்ம ஊர்க் கணக்கு ஒன்று, சும்மா போட்டுப் பார்த்தேன். நம் மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5. அதனால் எச்ஓ அளவில் மீட்டர் கேஜ் வண்டி செய்பவர்கள் ஓட்டுவது இதே 12 மி.மீ. தண்டவாளத்தில்தான். 2004 வரை எழும்பூர் - தாம்பரம் ஓடிய மஞ்சள் கேஜ் காலத்தை... சே, மீட்டர் கேஜ் காலத்தை மேசையில் கொண்டுவர நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். அகலப்பாதை? 5 அடி 6 அங்குலம். அடிக்கு 3 மி.மீ. என்றால் 16.5. அதாவது ட்ரையாங் கைவிட்ட அந்த அளவு உடம்பை, கடையில் கொட்டிக் கிடக்கும் ஓஓ தண்டவாளத்தின் மேல் வைத்தால் இந்தியன் பிராட் கேஜ் ஒரு முடி பிசகாமல் உட்காரும். பிரிட்டிஷ் ரயிலுக்கே பொருந்தாத ஸ்கேல் நமக்குப் பொருந்துது பாருங்க!

3 எம்எம் சொசைட்டிக்காரர்களுக்கு 2022-ல் வந்த தலைவலி வேற மாதிரி. பரணிலிருந்து தாத்தாவின் டிடி பெட்டியை இறக்கிய ஆள் கேட்பது ஒரே கேள்வி: "இது அந்தப் புது டிடியோட சேருமா?" கேஜ் அதே 12-தான். ஆனால் பழைய ஜின்டியைப் புது இன்ஜின் பக்கத்தில் நிறுத்தினால், பழையது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். ஒரே தண்டவாளம், ஒரே பெயர், ஆனா ரெண்டையும் ஒரே ரயிலில் கோர்க்க முடியாது.