கைக்குட்டையில் ஓர் எழுத்து: 'சாருலதா'வின் தலைப்புக் காட்சி

திரைப்படத் தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வடிவமைப்பாளர் சால் பாஸிடம்தான் போய் நிற்கிறார்கள். 'சைக்கோ' (1960) படத்தில் அவர் பெயர்களைப் பட்டைபட்டையாக அறுத்து விலக்கினார். பெர்னார்ட் ஹெர்மனின் இசை அந்த அறுப்புக்கு ஓசை கொடுத்தது. கதை தொடங்குமுன்பே பார்ப்பவர் மனம் கலங்கிவிடுகிறது. வரப்போகும் மனநிலையை முன்கூட்டி அறிவிப்பதே தலைப்பெழுத்தின் வேலை என்ற கொள்கைக்கு இத்தகைய படங்களே சான்று. கொள்கை தவறன்று, குறைபாடுடையது. எழுத்தை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சத்யஜித் ராயின் 'சாருலதா'வில் (1964) எழுத்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது; கதையின் பிணக்கில் ஒரு தரப்பாகவும் ஆகிறது என்பது என் வாதம்.

ராய்க்கு அச்சு பரம்பரைத் தொழில். தாத்தா உபேந்திரகிஷோர் இந்தியாவில் ஹாஃப்டோன் அச்சுமுறையின் முன்னோடி. தந்தை சுகுமார் இங்கிலாந்து சென்று அச்சுக்கலை படித்தவர். ராய் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று, 1943இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வரைந்தார். 'ராய் ரோமன்' என்ற ஆங்கில எழுத்துருவையும் வடிவமைத்தார். இத்தகையவர் தம் படத்தில் எழுத்தை யோசிக்காமல் வைத்திருப்பார் என்று கொள்வது கடினம். 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) பெயர்கள் கையெழுத்துப் படியின் சாயலில் வருகின்றன. 'மகாநகர்' (1963) படத்தில் டிராமின் மேற்கம்பிகளின் பின்னணியில்.

'சாருலதா'வில் பெயர்கள் ஓடும்போது பின்னால் நாம் காண்பது பெண்ணின் இரு கைகளை. அவை ஊசியும் நூலுமாக ஒரு கைக்குட்டையில் ஆங்கில 'பி' எழுத்தைப் பின்னுகின்றன. 'பி' என்பது கணவன் பூபதி. கதை நடப்பது 1879இல். அவன் வீட்டிலேயே அச்சகம் வைத்து 'சென்டினல்' என்ற ஆங்கில அரசியல் ஏடு நடத்துகிறான். மனைவி சாரு தையலில் வரையும் எழுத்துகூட அவனுடைய ஆங்கிலம்தான். அதே திரையில், அதன்மேல், ராயின் வங்க எழுத்துகள். இரண்டு வரிவடிவங்கள் ஒரே பரப்பில் மோதாமல் கிடக்கின்றன. மோதல் பிறகு வருகிறது.

வருவது எழுத்தின் வழியேதான். பூபதியின் உறவினனான இளைஞன் அமலுக்குச் சாரு தன் கையாலேயே அலங்கரித்து ஒரு நோட்டுப் புத்தகம் தருகிறாள். எழுதுவது அதற்குள்ளேயே இருக்கவேண்டும், அச்சுக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. அவன் மீறுகிறான். புண்பட்ட சாரு தானே எழுத உட்கார்கிறாள், வங்காளத்தில், தன் ஊரைப் பற்றி; அது பத்திரிகையில் அச்சாகிறது. வீட்டிலேயே அச்சகம் வைத்திருப்பவனுக்குத் தன் மனைவி எழுத்தாளர் என்பது பிறர் சொல்லித்தான் தெரிகிறது! இவ்வளவும் தெரிந்தபின் முதல் காட்சியின் 'பி' வெறும் அன்பளிப்பாகத் தெரிவதில்லை. சாருவின் கை அதுவரை யாருடைய எழுத்தை எழுதிக்கொண்டிருந்தது என்ற கேள்வி அதில் இருக்கிறது.

ஒரு மறுப்பு எழலாம். கைக்குட்டை எழுத்து காட்சிப் பொருள், பெயர்ப்பட்டியல் வடிவமைப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பலாமா? பிரித்துப் பார்ப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் பிரித்தால் படத்தின் முடிவை விளக்க இயலாது. தாகூர் 1901இல் எழுதிய மூலக்கதையின் பெயர் 'நஷ்டநீட்' (சிதைந்த கூடு). ராய் அப்பெயரைத் தலைப்பாக வைக்கவில்லை. கணவனும் மனைவியும் கைநீட்டி உறைந்து நிற்கும் சட்டகங்களுக்குப் பின், கடைசியில், வங்க எழுத்தில் திரையிலிடுகிறார். இங்கே முன்னறிவிக்க எதுவும் மிச்சமில்லை. முதலில் வரவேண்டிய தலைப்பைத் தீர்ப்பின் இடத்தில் வைத்திருக்கிறார்.

வங்கம் அறியாதவர் தொடக்கக் காட்சியில் வாசிக்கக்கூடிய எழுத்து கைக்குட்டையிலுள்ள 'பி' ஒன்றுதான். மேலே ஓடுபவை அவருக்குக் கோலங்கள். வங்க வாசகரோ பெயர்களை வாசித்துக்கொண்டே ஊசியைக் கவனிக்கத் தவறலாம். இரு தரப்பாருக்கும் இருவேறு படங்கள் தொடங்குகின்றன. வசனத்தின் துணையெழுத்தை மட்டும் நம்பி, பெயர்ப்பட்டியலின் வரிவடிவத்தைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு இவற்றில் முதல் படத்தை மட்டுமே பார்த்திருக்கிறது.