'தற்காலிகம்' என்ற பேரில் 17 வருஷம்

உச்சமுனையில் இருந்து புத்தளம் வரைக்கும் கிடுகு என்றால் என்னவென்று யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. தென்னோலையைக் கீறி, தண்ணியில் ஊறப்போட்டு, பின்னி எடுத்தால் கிடுகு. நாலு கம்பு நட்டு, மேலே கிடுகை வேய்ந்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு குடும்பத்துக்கு ஒதுங்க ஒரு இடம் வந்துவிடும். காசும் பெரிசாகப் போகாது. ஆனால் ஒன்றிரண்டு மாரிக்கு மேல் அது தாங்காது. ஓலை உக்கிவிடும், கம்பைக் கறையான் தின்னும், ஒரு நெருப்புப்பொறி பட்டால் வரிசையாக எல்லாம் எரியும். கிடுகுக் கொட்டில் ஒரு அவசரத்துக்கான வீடு, அவ்வளவுதான்.

அந்த அவசர வீட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏன் 17 வருஷத்துக்கு மேல் இருந்தன? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது வெறும் இரண்டு மணித்தியாலம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள் என்று எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 75,000 பேர். வீடு, காணி, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் சில நூறு ரூபாயோடு வந்தார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியா வழியாகத் தரையால் வந்தார்கள். மன்னார்த் தீவில் இருந்து பல குடும்பங்கள் வள்ளங்களில் ஏறிக் கடலால் கற்பிட்டிக்கு வந்து இறங்கின.

வந்தவர்களுக்கு முதலில் கை கொடுத்தது அரசாங்கமும் இல்லை, வெளிநாட்டு நிறுவனமும் இல்லை. ஊர்ச்சனம். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். சமைத்துக் கொடுத்தார்கள். தென்னந்தோட்டக்காரர்கள் காணியில் கொட்டில் போட இடம் விட்டார்கள். இளைஞர்கள் கம்பு வெட்டினார்கள், கிடுகு சுமந்தார்கள். இன்றைக்குத் 'தொண்டர்கள்' என்று ரீஷேட் போட்டுக்கொண்டு செய்கிற வேலையை அன்றைக்குப் பேரில்லாத ஆட்கள் செய்தார்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு என்று இந்தக் கரையோரம் முழுக்க முகாம்கள் எழும்பின.

எல்லாரும் நினைத்தது ஒன்றுதான்: கொஞ்ச நாளில் திரும்பிப் போய்விடலாம்.

கொஞ்ச நாள் வருஷமாகியது. வருஷம் பத்தாகியது. கொட்டிலுக்குள் பிறந்த பிள்ளை ஓ.எல். எழுதுகிற வயசுக்கு வந்துவிட்டது. இதற்குள் ஊராரோடு இருந்த உறவிலும் கசப்பு விழுந்தது. தண்ணி, பாடசாலை இடம், தோட்டத்துக் கூலி வேலை எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு ஆட்கள் என்றால் உரசல் வராமல் இருக்குமா? 'அகதி' என்ற சொல் ஒரு நிலைமையைச் சொல்வதை விட்டுவிட்டு, ஒரு சாதிப்பேர் மாதிரி ஒட்டிக்கொண்டது.

சரி, கல்வீடு கட்டியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். காசு இல்லை என்பது ஒரு காரணம். காணி உறுதி இல்லாதது இன்னொன்று. மூன்றாவது காரணம்தான் கனமானது. இங்கே கல்வீடு கட்டிவிட்டால் 'இவங்க இங்கேயே செட்டில் ஆகிட்டாங்க' என்று ஆகிவிடாதா? வடக்கில் விட்டுவந்த வீட்டுக்கும் காணிக்கும் இருக்கிற உரிமை என்னவாகும்? கிடுகுக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது. ஆனால் அது ஒரு சாட்சியாகவும் நின்றது: நாங்கள் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் தென் டகோட்டாவில் லக்கோட்டா பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். 1868இல் போட்ட ஒப்பந்தத்தின்படி கருங்குன்றுகள் என்ற மலைப்பகுதி அவர்களுடையது. அங்கே தங்கம் கிடைத்ததும் 1877இல் அமெரிக்கா அதைப் பறித்துக்கொண்டது. 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பறித்தது பிழை என்று சொல்லி, 100 மில்லியன் டொலருக்கு மேல் நட்டஈட்டை உறுதிசெய்தது. லக்கோட்டாக்கள் வாங்கவில்லை. வாங்கினால் மலையை விற்றதாகிவிடும் என்றார்கள். அந்தக் காசு வட்டியோடு ஒரு பில்லியனைத் தாண்டிவிட்டது. ஆனால் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தில் ஒரு சின்ன வீட்டுக்குள் இரண்டு மூன்று குடும்பம் நெருக்கியடித்து வாழ்கிறது. அவர்களுக்காகத் தொண்டர்கள் போய், வைக்கோல் கட்டுகளாலும் மண்ணாலும் குளிர் தாங்கும் வீடுகளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அந்த வீட்டை வாங்கிக்கொள்வதால் மலை மேல் உள்ள உரிமை போய்விடுவதில்லை. அதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஐக்கிய நாடுகள் 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளும் இதைத்தான் சொல்கின்றன. திரும்பிப் போவதா, வேறு இடத்தில் குடியேறுவதா என்று முடிவெடுப்பது இடம்பெயர்ந்தவரின் விருப்பம். எங்கே இருந்தாலும் விட்டுவந்த சொத்தை மீளப்பெற அவருக்கு உதவ வேண்டியது அரசின் கடமை.

புத்தளத்தில் 2007இல்தான் பெரிய அளவில் ஒரு மாற்றம் வந்தது. உலக வங்கியின் 32 மில்லியன் டொலர் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் கட்டி முடித்துச் சாவி கொடுக்கிற திட்டமில்லை இது. குடும்பமே கட்டும், வேலை முடிய முடியக் காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் இன்னொரு பகுதி. காணிப் பத்திரத்தைச் சீர்செய்வது, குடிதண்ணி, மலசலகூடம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. வீட்டைத் தானே கட்டினவருக்கு அதன் ஒவ்வொரு கல்லும் தெரியும். நாளைக்கு வெடிப்பு விழுந்தால் பூசவும் தெரியும். நிலைத்து நிற்கிற வீடு என்பது இப்படித்தான் உருவாகிறது.

2009இல் யுத்தம் முடிந்தது. திரும்பிப் போனவர்கள் கண்டது காடு மூடிக்கிடந்த காணிகளை. சிலவற்றில் வேறு ஆட்கள் இருந்தார்கள். நமது சட்டத்தில் ஒருவர் 10 வருஷம் தடையில்லாமல் ஆண்ட காணிக்கு உரிமை கோரலாம். 1990இல் துரத்தப்பட்டவருக்கு இது என்ன அநியாயம் பாருங்க! யுத்தத்தால் ஊருக்குப் போக முடியாமல் இருந்த காலத்தை அந்த 10 வருஷத்தில் சேர்க்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் துரத்தப்பட்டு 26 வருஷம் கழித்து!

இந்தக் கதை முடிந்துவிட்டதா? இல்லை. கற்பிட்டியின் 14 தீவுகளை வைத்துப் போட்ட சுற்றுலாத் திட்டத்தில் உச்சமுனையும் இருக்கிறது. கிடுகு வீட்டில் காலம்காலமாக மீன்பிடித்து வாழ்கிற குடும்பத்திடமும் 'உறுதி இருக்கா?' என்ற அதே கேள்விதான் வருகிறது. அன்றைக்கு இடம் கொடுத்த கரையே இன்றைக்குத் தன் இடத்துக்கு அத்தாட்சி தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே வீடு கட்டப் போகிற இளைஞர்களுக்கு ஒரு விஷயம். சீமெந்து, கல்லு, கூரை எல்லாம் அவசியம். அதற்கு முன்னால் அந்தக் குடும்பத்திடம் காணிப் பத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். விட்டுவந்த ஊரில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு வீட்டின் மேல் உள்ள உரிமையைப் பறிப்பது உதவியில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. 1990இல் கம்பு வெட்டிக் கொடுத்தவர், காணியைத் திறந்துவிட்டவர், வள்ளத்தில் வந்த பிள்ளைகளைத் தூக்கி இறக்கினவர் என்று பலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பேர் எந்தத் திட்ட அறிக்கையிலும் இல்லை. போய்க் கேட்டு எழுதி வையுங்கள். இப்போது விட்டால் பிறகு சொல்ல ஆள் இருக்காது.